பதினான்காவது கலம்

சண்முகவடிவு யாருக்கும் எழுந்து நின்று பதில் சொன்னதில்லை. உட்கார்ந்தபடியே சொல்வாள், அதுவும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று வந்தவர்கள், நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பில் தங்கள் முகத்தையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். விருதுநகர் விளைவளவு மையத்தின் ஏற்றுமதிப் பிரிவு அப்படித்தான் நடந்தது. அங்கிருந்து ஏற்றுமதியானது தீப்பெட்டியோ மிளகாய் வற்றலோ அல்ல. பெற்றவர்களின் தலையெழுத்து, மாதம் ஒரு விரிதாளாக.

அன்று மாதத்தின் கடைசி வேலை நாள். மணி ஒன்றே முக்கால். மூன்று மணிக்கு விரிதாள் விலக்குப் பிரிவுக்குப் போயாக வேண்டும். போனதும் முத்திரை விழும். முத்திரை விழுந்த பிறகு அதை யாராலும் அசைக்க முடியாது. அந்த நேரம் பார்த்து ஒருவன் தடுப்பை உள்ளங்கையால் தட்டினான்.

"மேடம், எம்பேரு மொக்கராசு. லாரி டிரைவர், தூத்துக்குடி லைன் ஓட்டுறேன். எம்மகனவிட்டு என்னைய அஞ்சு வருசம் விலக்கப் போறதா நோட்டீஸ் வந்துருக்கு. இன்னைக்கி மூணு மணி வரைக்கும் ஆட்சேபம் சொல்லலாம்னு போட்டுருக்கு. அதான் வந்தேன்."

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு. வாசிச்சீங்களா?"

"வாசிக்கிறதுக்குத் தனி ஆளு இருக்கு. நான் ஷீட்டு அனுப்புறவ."

"வாசிக்கிற ஆளுதான் உங்களப் பாக்கச் சொன்னாரு."

சண்முகவடிவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாசிக்கிற ஆளுக்கு வாசிப்பதைத் தவிர மற்ற எல்லாம் தெரியும். அவள் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள்.

"உங்க நம்பர் என்ன?"

"மைனஸ் ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு." அதை அவன் மனப்பாடமாகச் சொன்னான். "அப்படின்னா என்னன்னு எவனும் சொல்ல மாட்டேங்கறான். நான் பிள்ளைய அடிச்சேன்னு அர்த்தமா? குடிச்சேன்னு அர்த்தமா?"

"ஒங்க மகன் கையில காப்பு இருக்குல்ல? பன்னெண்டு வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும். நாடி, மூச்சு, சூடு, சிரிப்பு, அழுகை எல்லாத்தையும் அது எடுக்கும். பத்தடிக்குள்ள அப்பா இருக்காரா, அம்மா இருக்காங்களான்னும் எடுக்கும். நீங்க பக்கத்துல இருக்கையில பிள்ள எப்படி இருக்கான், இல்லாதப்ப எப்படி இருக்கான். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த, அவனோட வழக்கமான ஏத்த இறக்கத்தால வகுத்தா வர்றதுதான் விளைவளவு. ப்ளஸ்னா நீங்க இருக்கிறது பிள்ளைக்கு நல்லது. மைனஸ்னா கெடுதல். மைனஸ் அரைக்குக் கீழ போனா விலக்கு. நீங்க அரையத் தாண்டி எங்கயோ போயிட்டீங்க."

"நான் எப்ப வீட்டுக்கு வருவேன்னு உங்க மிசினுக்குத் தெரியுமா?"

"எப்ப வந்தாலும் எடுக்கும்."

"அது இல்லம்மா." அவன் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "எம்மகனுக்கு இழுப்பு. நெஞ்சு அப்படியே ஒட்டிக்கிரும். அப்ப எம்பொண்டாட்டி போன் போடுவா. நான் லோட அப்படியே ஓரங்கட்டிட்டு ஓடியாருவேன். தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடப்பேன், புகை மிசின் வைப்பேன், நெஞ்சத் தடவுவேன். அவன் தெளிஞ்சு சிரிக்கையில நான் தூத்துக்குடில லோடு ஏத்திக்கிட்டு இருப்பேன். அந்தச் சிரிப்ப நான் பாத்ததே இல்ல. உங்க மிசினும் என்னைய அவன் சிரிக்கையில பாத்ததே இல்ல. ரோட்டுல வண்டி நின்னுபோனா மெக்கானிக் வாரான். மெக்கானிக் வந்த எடத்துல எல்லாம் வண்டி நின்னுதான் கெடக்கு. அதுக்காக அவனப் புடிச்சு உள்ள போடுவீங்களா?"

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. புள்ளியியல் முதுகலையில் தங்கப் பதக்கம் வாங்கியவளுக்கு, முதல் வருடம் முதல் பாடத்தில் சொல்லிக்கொடுத்ததை ஒரு லாரி டிரைவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்கிறான்.

"அதையெல்லாம் மிசின் கணக்குல எடுத்துக்கும். சும்மா கத்தாதீங்க. இருங்க, காட்டுறேன்" என்றாள். அவன் வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் அவனுடைய முழு முடிவைத் திறந்தாள்.

இயந்திரம் ஒவ்வொருவருக்கும் பத்தொன்பது கலங்கள் கொடுக்கும். பக்கத்தை மேலிருந்து கீழாகப் பிரிக்கிற பத்தொன்பது பத்திகள். விரிதாளுக்குப் போவது நான்குதான்: குழந்தை, உறவு, விளைவளவு, முடிவு. மீதிப் பதினைந்தும் இயந்திரத்துக்குள்ளேயே தங்கிவிடும். அவள் விரலால் நகர்த்தினாள். பதினான்காவது கலத்தின் தலைப்பு, 'உடல்நிலைக்குச் சரிசெய்த விளைவளவு'. நோயுற்ற நேரத்தை நோயுற்ற நேரத்தோடும், நலமான நேரத்தை நலமான நேரத்தோடும் ஒப்பிட்ட எண். மொக்கராசுக்கு அதில் ப்ளஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது ஆறு.

அந்த எண் திரையில் இருந்தது. இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. மூன்று வருடமாக, ஒவ்வொரு மாதமும், ஒவ்வொருவருக்கும் அதைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தது. கேட்காதவள் இவள். நான்கு கலப் படிவத்தை வடிவமைத்தவளே இவள்தான். பக்கவாட்டில் நகர்த்தாமல் ஒரே பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று இணை இயக்குநர் கேட்டார். அவள் பதினைந்தை வெட்டினாள். அழகாக இருக்கிறது என்று பாராட்டி அவளைப் பிரிவுத் தலைவியாக்கினார்கள்.

"என்ன மேடம், காட்டுறேன்னீங்க?"

"இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். யாருக்காகவும் எழாதவள் எழுந்ததைப் பார்த்து வாசல் காவலர்கூட எழுந்து நின்றார்.

இணை இயக்குநர் அருணகிரி சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குச்சியைப் பத்திரமாகத் தட்டில் வைத்தார்.

"மூணாவது கலத்துக்குப் பதிலா பதினாலாவதப் போடணும்னு சொல்ற. அவ்வளவுதான?"

"ஆமா சார். இந்த ஒரு வரிசைய மட்டும் கையால மாத்துனா முத்திரை விழாது. மாத்துறதா இருந்தா கலம் முழுக்க மாத்தணும். அது ரெண்டு நிமிஷ வேலை."

"இந்த மாசம் மாத்துற. போன மாசம் விலக்குனவன் அடுத்த மாசம் வந்து என்ன கேப்பான்?"

"சார், இது தப்புன்னு தெரிஞ்ச பிறகு..."

"யாருக்குத் தெரிஞ்ச பிறகு? எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருந்தா மூணு வருசமா என்ன செஞ்சுக்கிட்டிருந்த? படிவம் யார் போட்டது? கையெழுத்து யாருது?" அவர் சிரித்தார். "முப்பத்தாறு ஷீட்டு போயிருக்கும்மா. ரெண்டாயிரத்துச் சொச்சம் குடும்பம். கோர்ட்டுல கூண்டுல நிக்கிறப்ப நான் பக்கத்துல நிப்பேன்னு நெனைக்காத. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிருவேன். நெசமாவே தெரியாது."

"பட்டன் என்கிட்டதான இருக்கு சார்."

"இருக்கு. அமுக்கு. அமுக்குறதுக்கு முன்னாடி உன் குடும்பத்து வரிசையையும் ஒரு தடவ பாத்துட்டு அமுக்கு."

அந்த ஆள் எதையும் தெரிந்து சொல்பவர் அல்ல. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் குச்சியை மறுபடி எடுத்துக்கொண்டார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆளுக்காகவே மாற்றிக் காட்ட வேண்டும் என்று வீராப்போடு நாற்காலிக்குத் திரும்பினாள். மூன்றாவது கலத்தை அழித்தாள். அந்த இடத்தில் பதினான்காவதை இழுத்து வைத்தாள். உண்மையிலேயே இரண்டு நிமிடம்தான் ஆனது. ஏற்றுமதிப் பொத்தான் பச்சையாகக் கண் சிமிட்டியது. மணி இரண்டு முப்பத்தெட்டு.

அமுக்கியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது மண்டைக்குள் குடைந்தது.

முதலில் தனுஷ்கோடியைத் தேடினாள். அவளுடைய கணவன். நூற்பாலையில் மின்பணியாளராக இருந்தவன். எதற்கெடுத்தாலும் அவளோடு மல்லுக்கு நிற்பவன் என்று அவள் சொல்வாள். அவனைக் கேட்டால் அதையே திருப்பிச் சொல்வான். மூன்று வருடத்துக்கு முன் வெளியான முதல் விரிதாளிலேயே அவன் பெயர் இருந்தது, மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டு எட்டு. மகள் நிறைமதியைவிட்டு அவனை ராமநாதபுரத்துக்கு விலக்கினார்கள். சண்முகவடிவு அன்று அழவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து நாத்தனார் வீட்டு வாசற்கதவில் கொண்டுபோய் ஒட்டினாள். ஏழு வருடச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று அரசாங்கமே இரண்டு தசமத்துக்குச் சொல்லிவிட்டது. அதைவிடப் பெரிய வெற்றி எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும்?

பழைய கோப்பில் அவனுடைய பதினான்காவது கலத்தைப் பார்த்தாள். ப்ளஸ் பூஜ்யம் புள்ளி ஏழு நான்கு.

அவள் அதை ஒரு முறைதான் படித்தாள். அந்த மாதம் என்ன நடந்தது என்பது நினைவிருந்தது. நிறைமதிக்கு டெங்கு. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. தனுஷ்கோடி வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கட்டிலடியிலேயே கிடந்தான். அவள் தினமும் மாலையில் வராந்தா வரை வந்து, கண்ணாடி வழியாகக் கையசைத்துவிட்டுப் போனாள். முதல் விரிதாளுக்குக் கெடு இருந்தது. நான்கு கலப் படிவத்தை அவள் போட்டது அந்தப் பதினொரு நாளில்தான்.

பிறகு தன் பெயருக்கு வந்தாள். இந்த மாதக் கோப்பு. உறவு: தாய். மூன்றாவது கலம், ப்ளஸ் பூஜ்யம் புள்ளி ஆறு ஒன்று, பிள்ளை நலமாக இருக்கையில் மட்டும் பக்கத்தில் போய்ச் சேர்த்த எண். மூன்று வருடமாக அதைப் பார்த்துத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பதினான்காவது கலம், மைனஸ் பூஜ்யம் புள்ளி ஐந்து ஏழு.

பொத்தானை அமுக்கினால் மொக்கராசு மகனிடம் போவான். அவள் நிறைமதியைவிட்டுப் போவாள். அதே கணக்கைக் காட்டித் தனுஷ்கோடி பெட்டியோடு வந்து அந்த வீட்டில் உட்காருவான். தன் மகளுக்குத் தானே ஆகாதவள் என்பதைத் தன் கையாலேயே எழுதி, தன் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும்.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு அவள் பதினான்காவது கலத்தை எடுத்துவிட்டு மூன்றாவதைப் பழைய இடத்தில் வைத்தாள். அதற்கும் இரண்டு நிமிடம்தான் ஆனது. பொத்தானை அமுக்கினாள். விரிதாள் போயிற்று. முத்திரை விழுந்ததாகப் பதில் வந்தது.

"என்ன ஆச்சு?" என்றான் மொக்கராசு.

"ஆட்சேபம் தள்ளுபடி."

"காட்டுறேன்னு சொன்னீங்க. எழுந்திரிச்சுப் போனீங்க. எம்பக்கம் நியாயம் இருக்குன்னு தெரிஞ்சுதான எழுந்திரிச்சீங்க?"

"படிவத்துல அதுக்கு இடம் இல்ல. நகருங்க. பின்னாடி ஆளு நிக்குது."

அவன் கண்ணாடியில் குத்தினான். அது உடையவில்லை. அரசாங்கக் கண்ணாடி. காவலர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார். போகிற போக்கில் அவன் திரும்பி நின்று பேசினான். அப்போது அவன் கத்தவில்லை.

"ஊருல என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஆத்தாகாரி பத்தடி தள்ளி நிக்கிறா. கம்பு நுனியில தம்ளர மாட்டி நீட்டுறா. பக்கத்துல போனா நம்பர் விழுந்துருமாம். நானும் என் வீட்டுக்காரியும்தான் கேனையங்க மாதிரி உள்ள போனோம். நாளையில இருந்து அவளும் போக மாட்டா. போனா அவளும் மைனஸ். அப்பறம் எம்பிள்ளைக்கு மூச்சு முட்டுனா யாரு தூக்குவா? நீ வாரியா? வந்து தூக்குறியா?"

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஊரில் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமலா? விருதுநகரில் பாதித் தெருவில் அதற்கென்றே ஆள் இருந்தது. பிள்ளைகுட்டி இல்லாத பெண்கள். நோயாளிக் குழந்தையோடு உட்கார்ந்திருக்கக் கூப்பிட்டால் வருவார்கள். விழுவதற்கு அவர்களுக்கு எண் கிடையாது. சண்முகவடிவு வீட்டுக்குப் பேச்சியம்மா வருவாள். நான்கே காலுக்கு அவளிடமிருந்துதான் போன் வந்தது.

"எக்கா, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துலயே காய்ச்சல். நூத்தி மூணு. ஆஸ்பத்திரில காட்டிட்டு வீட்டுல கொண்டாந்து படுக்க வச்சுட்டேன். மறுபடி டெங்கு மாதிரி இருக்குன்னு சொல்லுறாங்க. ஒரு வாரமாவது ஆகுமாம்."

"சரி, கூட இரு. வந்துர்றேன்."

"இருக்க முடியாதுக்கா. தெருவெல்லாம் காய்ச்சல். இன்னும் மூணு வீடு காத்துக்கிட்டு கெடக்கு. எல்லா வீட்டுலயும் ஆத்தாகாரி வாசல்ல நிக்கிறா, பிள்ள உள்ள கத்துது. நான் ஒருத்தி எத்தன பிள்ளைக்குப் பக்கத்துல இருப்பேன்? தண்ணி வச்சுருக்கேன், எடுத்துக் குடிச்சுக்குவா. நீங்க கோட்டத் தாண்டாம பாத்துக்கங்க."

கோடு என்பது டேப். நிறைமதியின் கட்டிலிலிருந்து பத்தடி அளந்து, அறை வாசலுக்கு வெளியே கூடத்துத் தரையில் சண்முகவடிவே ஒட்டிய சிவப்பு டேப். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே போய் அதன் மேல் நின்றாள். கால் தானாக அங்கே நின்றுவிட்டது. மூன்று வருடப் பழக்கம்.

ஒன்பது வயதுப் பிள்ளை போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர்ப் பாத்திரம் கட்டிலுக்குக் கீழே இருந்தது, எட்டி எடுக்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறாள், தரை முழுக்க ஈரம். கையில் காப்பு மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது.

"நிறைமதி."

பிள்ளை கண்ணைத் திறந்தது. அம்மா நிற்கும் இடத்தைத்தான் முதலில் பார்த்தது, முகத்தை அல்ல.

"அம்மா, டேப்பத் தாண்டிராத."

"தாகமா இருக்கா?"

"இருக்கு. பேச்சியம்மாக்கா வரட்டும், குடிச்சுக்கிறேன். நீ வராத."

"ஏன்டி அப்படிச் சொல்ற?"

"அப்பா பக்கத்துல இருந்ததாலதான போயிட்டாரு." அதை நிறைமதி சாதாரணமாகத்தான் சொன்னாள், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. "எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். காய்ச்சல் வர்றப்ப கூட இருந்தா கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்பா பதினோரு நாள் இருந்தாருல்ல. நான்தான் போகாதப்பான்னு சொன்னேன். அதான் இருந்தாரு. என்னாலதான் போயிட்டாரு. நீயும் போயிட்டா நான் யார்கூட இருப்பேன்?"

இத்தனை நாள் தான் பிள்ளையைவிட்டுத் தள்ளி நிற்பதாகச் சண்முகவடிவு நினைத்திருந்தாள். பிள்ளை அவளைத் தள்ளி நிறுத்தி வைத்திருக்கிறது. ஆறு வயதில் ஒரு தவறு செய்து அப்பாவை இழந்துவிட்டதாக நம்பிக்கொண்டு, அதே தவறை அம்மா விஷயத்தில் செய்துவிடக்கூடாது என்று மூன்று வருடமாக ஒவ்வொரு காய்ச்சலையும் தனியாகப் படுத்துத் தாண்டியிருக்கிறது. இது பத்தொன்பது கலத்தில் எதிலும் இல்லை.

அவள் டேப்பைத் தாண்டினாள்.

"வராத!" நிறைமதி எழுந்து உட்கார்ந்து கத்தினாள். "போம்மா! வெளிய போ!" அவள் நெருங்க நெருங்கப் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு காலால் உதைத்தது. தலையணையைத் தூக்கி எறிந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் அவள் மார்பில் குத்தியது. ஒன்பது வருடத்தில் அந்தப் பிள்ளை அவளை அப்படி வெறுத்துப் பார்த்ததில்லை. அல்லது வெறுப்புப்போல இருந்த ஒன்றோடு பார்த்ததில்லை.

காப்பு சிவப்பாக மாறியது. அவளுக்கு அதைப் படிக்கத் தெரியும். பத்தடிக்குள்: தாய். நாடி நூற்று ஐம்பது. அழுகை, நடுக்கம், அச்சம். அவள் வந்த நொடியிலிருந்து எல்லாம் ஏறுகிறது. இன்னும் ஒரு வாரம் இப்படியே ஏறும். அடுத்த மாதக் கடைசி வேலை நாளில் மூன்று மணிக்கு அது ஓர் எண்ணாகி, அவள் போட்ட படிவத்தின் மூன்றாவது கலத்தில், இரண்டு தசமத்தோடு வந்து உட்காரும். ஒரே பக்கத்தில், பக்கவாட்டில் நகர்த்த வேண்டிய அவசியம் இல்லாமல். ஏற்றுமதி செய்ய வேண்டியவளும் அவள்தான்.

அவள் குனிந்து பாத்திரத்தை எடுத்தாள். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. பிள்ளையின் பின்னந்தலையைப் பிடித்து உதட்டில் வைத்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி இருவர் மேலும் சிந்தியது.

"போம்மா, போயிரும்மா" என்று நிறைமதி அழுதுகொண்டே அவளைத் தள்ளினாள்.

சண்முகவடிவு நகரவில்லை.